எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமா?



பிள்ளை வளர்ச்சி பற்றிப் பேச்சு வரும்போது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. “அவனுக்கா ஆட்டிசம்? தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்கிறான். கடைக்காரர், ஹஜ்ரத், பஸ் கண்டக்டர் என்று ஒருவரையும் விடுவதில்லை. ஆட்டிசப் பிள்ளை என்றால் ஓர் ஓரமாக உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருக்குமே!” சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை அப்படித்தான் பழகுகிறது. ஆனால் இந்த ஒரு காரணத்தாலேயே, இரண்டு மூன்று வயதில் கவனித்திருக்க வேண்டிய பிள்ளைகள் எட்டு, பத்து வயதில், பள்ளியிலிருந்து புகார் மேல் புகார் வந்த பிறகு மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் “அடங்காதவன்”, “வளர்ப்பு சரியில்லை” என்ற பெயர் வந்துவிடுகிறது. அடியும் விழுந்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர்களும் ஒரு காரணம். ‘மன இறுக்கம்’, ‘மதி இறுக்கம்’ என்கிறோம். அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றுகூட அச்சிடுகிறார்கள். இதைப் படிக்கும் தாய்க்கு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பிள்ளைதான் நினைவுக்கு வரும். தன் மடியில் ஏறி, வந்த விருந்தாளியின் மடியிலும் ஏறும் பிள்ளைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்? அதனால் இந்தக் கட்டுரையில் ‘ஆட்டிசம்’ என்றே எழுதுகிறோம்.

மூன்று விதம் என்று சொன்ன ஒரு தாய்

ஆட்டிசத்தை முதலில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர். 1943இல் அவர் விவரித்தவர்கள் 11 பிள்ளைகள். பெரும்பாலும் மனிதர்களை விட்டு விலகி, பொருள்களோடு மட்டும் இருந்தவர்கள். ‘ஓரமாக உட்காரும் பிள்ளை’ என்ற படம் அங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது.

அந்தப் படம் முழுமையானதல்ல என்று காட்டியவர் லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோர்னா விங். அவருடைய சொந்த மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. உளவியலாளர் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து, லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல் அந்தப் பகுதியிலேயே தேடிப் பார்த்ததால், பாடப்புத்தகத்தில் இல்லாத பிள்ளைகளும் கண்ணில் பட்டார்கள். மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை, ஒதுங்கியே இருப்பவர்கள். இரண்டாவது வகை, தாமாக வரமாட்டார்கள். கூப்பிட்டால் வருவார்கள், விளையாட்டில் சேர்த்துக்கொண்டால் இருப்பார்கள். மூன்றாவது வகைப் பிள்ளைகள் தாமே வலிந்து வந்து பேசுவார்கள், தொடுவார்கள், கேள்வி கேட்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் ஏதோ ஒரு விதத்தில் ஒட்டாமல், விசித்திரமாக இருக்கும்.

நம் தெருவில் ஊருக்கே ஸலாம் சொல்லும் பிள்ளை இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறோம். கலகலப்பாகப் பேசும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தக் குறைபாடும் கிடையாது. பிள்ளை பழகுகிறதா என்று மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எப்படிப் பழகுகிறது என்று பார்க்க வேண்டும்.

பேச்சு ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறதா?

இரண்டு பேர் பந்து விளையாடினால் பந்து போகும், வரும். பேச்சும் அப்படித்தான். மூன்றாவது வகைப் பிள்ளை பந்தை வீசிக்கொண்டே இருக்கும். நீங்கள் திருப்பி வீசியதைப் பிடிக்காது.

ஒரு பையனை எண்ணிப் பாருங்கள், ஆறு வயது. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்களின் பெயர், நிறம், நேரம் எல்லாம் அத்துபடி. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் “நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?” என்று கேட்பான். பதில் சொன்னதும் அடுத்த பஸ். வந்தவர் மையத்து வீட்டுக்குப் போய்விட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாலும் பஸ்தான். அவர் சலித்துப்போய் முகத்தைத் திருப்புவது அவனுக்குத் தெரியாது. அன்பு இல்லாமல் இல்லை. அவர் வந்ததில் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். முகம் சொல்லும் சேதி மட்டும் அவனுக்கு எட்டுவதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு நன்றாகப் பேசுவார்கள், ஏனென்றால் பெரியவர்கள் விட்டுக்கொடுத்துப் பேசுகிறோம். சின்னக் குழந்தைகளோடும் சேர்வார்கள். சம வயதுப் பிள்ளைகளோடுதான் சிக்கல். விளையாட்டுக்குள் ஓடிப் போவார்கள், தான் சொல்லும் விதியில்தான் ஆட வேண்டும் என்பார்கள், ஐந்தே நிமிடத்தில் சண்டை. நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கவனித்தால் தெரியும். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண் ஜாடையிலேயே சிரித்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளை எல்லோரையும் தொட்டுத் தொட்டுப் பேசும், ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும்; “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்லாமல், நீங்கள் கேட்பது போலவே “உனக்குத் தண்ணி வேணுமா?” என்று சொல்கிறதா? விளம்பரத்தில் கேட்டதை, யூடியூப் கார்ட்டூன் வசனத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு இடம் பொருள் இல்லாமல் திருப்பிச் சொல்கிறதா? “ஒரு நிமிஷம் இரு” என்றால் அறுபது எண்ணிவிட்டு “முடிஞ்சுடுச்சு” என்று சண்டைக்கு வருகிறதா? மிக்ஸி போட்டாலோ பட்டாசு வெடித்தாலோ காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறதா? முடி வெட்ட, நகம் வெட்ட நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறதா? வெள்ளைச் சோறும் தயிரும் தவிர எதையும் தொடாமல் மாதக்கணக்கில் இருக்கிறதா? பள்ளிவாசல் படிக்கட்டில் எல்லோருடைய செருப்பையும் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி, யாராவது ஒன்றை எடுத்தால் தாங்கமாட்டாமல் அழுகிறதா? இவற்றில் ஒன்று இரண்டு எந்தப் பிள்ளைக்கும் இருக்கும். பழகும் விதத்தில் வித்தியாசமும் சேர்ந்து, பல விஷயங்கள் சின்ன வயதிலிருந்தே தொடர்ந்து இருந்தால், அதைப் பார்க்க வேண்டியவரிடம் காட்ட வேண்டும்.

மதரஸாவில் இந்தப் பிள்ளைகள் சில சமயம் எல்லோரையும் வியக்க வைப்பார்கள். சூராக்களை மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மனப்பாடம் செய்து, உஸ்தாத் ஓதும் அதே ராகத்தில் ஓதுவார்கள். அல்லாஹ் கொடுத்த அந்தத் திறமை உண்மையானது, அதை வளர்க்கத்தான் வேண்டும். ஆனால் “இவ்வளவு ஞாபகசக்தி உள்ள பிள்ளைக்கா குறை?” என்று அதைக் காட்டி மற்றதை மறைத்துவிடுகிறோம். ஒரு சின்ன சோதனை: வீட்டுக்கு வந்ததும் “இன்னைக்கு மதரஸாவுல என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். நீண்ட சூராவைப் பிழையில்லாமல் ஓதும் பிள்ளை, அன்று யார் வந்தார், யார் அழுதான், ஏன் சீக்கிரம் விட்டார்கள் என்று நான்கு வாக்கியம் கோவையாகச் சொல்ல முடியாமல் தவித்தால், மனப்பாடம் வேறு, பேச்சு வேறு என்று புரியும்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு அளவுகோல் எளிது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில், தனக்கு வேண்டியதைக் கேட்க மட்டுமல்லாமல், “அதோ பார்” என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவும் விரல் நீட்ட வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தானாகப் பேச வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை எந்த வயதில் பேச்சை இழந்தாலும் காத்திருக்கக் கூடாது.

“வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், அதனால்தான் குழப்பம்” என்பார்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. அதனால் வீட்டு மொழியை நிறுத்தவும் வேண்டாம். “அத்தா துபாயில் இருக்கிறார், ஏங்கிப் போயிருக்கிறான்” என்பது இன்னொன்று. ஏக்கம் இருக்கலாம். ஆனால் ஏக்கத்தால் பிள்ளை ‘நான்’, ‘நீ’ மாற்றிப் பேசாது.

ஒன்றோடு நின்றுவிடுவதில்லை

கலகலப்பான பிள்ளை மருத்துவரிடம் போனாலும் பலமுறை முதலில் கிடைக்கும் பெயர் ஏ.டி.எச்.டி. என்பது. ஓரிடத்தில் உட்காராமல் ஓடுவது, முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் குறுக்கே பேசுவது, கவனம் சிதறுவது ஆகியவை இதன் அடையாளம். அந்தப் பெயர் தவறாக இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பது மிகச் சாதாரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் பழைய பதிப்பு, ஆட்டிசம் என்று எழுதினால் ஏ.டி.எச்.டி. என்று சேர்த்து எழுதக் கூடாது என்றே வைத்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே அதற்கு முன்பு பார்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் பாதிப் பெயரோடு வளர்ந்திருக்கிறார்கள். இப்போது இருபது, இருபத்தைந்து வயதில் இருக்கும் அவர்களையும் மீண்டும் காட்டுவதில் தவறில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பார்வை, கேள்வி, வலிப்பு, பேச்சு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவற்றோடு, 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு குறைபாடு இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தது. ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று தேடுவதை நிறுத்தினால், அந்தப் பிள்ளைகளுக்குப் பாதி உதவிதான் கிடைக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளை குறுக்கே பேசும். ஆனால் நீங்கள் கோபமாக இருப்பது அதற்குத் தெரியும், தெரிந்து முகம் வாடும், ஐஸ் வைக்கும். நடிக்கும் விளையாட்டு, பொய்க்கோபம், கிண்டல் எல்லாம் புரியும். புதிய இடம், புதிய திட்டம் என்றால் குதிக்கும். ஆட்டிசமும் சேர்ந்த பிள்ளைக்குத் திட்டம் மாறினால் தாங்காது. வழக்கமாகப் போகும் தெருவை விட்டு வேறு தெருவழியே போனாலே அழுகை. இது முழு விதி அல்ல. மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி.

காது கேட்பதை முதலில் சோதிக்க வேண்டும். எதிர்பார்ப்பது போலக் காது கேளாத பிள்ளை முழுக்கக் கேளாததாக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி சளி பிடித்து, காதில் சீழ் வடிந்து, பாதிச் சத்தம் மட்டும் கேட்கும் பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது, பேச்சும் மழலையாகவே நிற்கும். ஆட்டிசமே இல்லாமல் இது மட்டும் இருந்தால், சிகிச்சையும் வேறு, பலனும் சீக்கிரம். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வது திரும்பத் திரும்ப நடந்தால் வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசுவதில் புலி, எழுதச் சொன்னால் எழுத்துகள் தலைகீழ் என்றால் கற்றல் குறைபாட்டை நினைக்க வேண்டும். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற அரிதான மரபணுக் குறைபாடும் உண்டு. அந்தப் பிள்ளைகள் அறியாதவரிடமும் அளவுக்கு மீறி அன்பாகப் பழகுவார்கள், இதயத்தில் கோளாறும் இருக்கலாம். அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. நாம் வீட்டில் பெயர் வைத்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் பலர் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிக்கொள்கிறார்கள். அவள் சிரித்தால் சிரிப்பது, அவள் நடையில் நடப்பது. பள்ளியில் “நல்ல பிள்ளை” என்ற பெயர். வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை வீசி, காரணமே இல்லாமல் ஒரு மணி நேரம் அழுகை. நாள் முழுவதும் நடித்த களைப்பு அது. நம் வீடுகளில் பெண் பிள்ளை அமைதியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வயதுக்கு வந்த பிறகு பயம், உறக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு என்று வெளிவரும்போது “காற்று, கருப்பு” என்று வேறு திசையில் போய்விடுகிறோம்.

இந்தக் கலகலப்பில் உள்ள ஆபத்து

ஒதுங்கி இருக்கும் பிள்ளையைவிட இந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டிய ஓர் இடம் உண்டு. யார் கூப்பிட்டாலும் போய்விடும். மிட்டாய் கொடுத்தவர், பைக்கில் ஏற்றிக்கொண்டவர், போனில் விளையாட்டு காட்டியவர் எல்லோரும் அதற்கு ‘நண்பர்’. ஒருவர் தன்னை ஏமாற்றுகிறார் என்று முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. வகுப்பில் மற்றப் பையன்கள் இவனைத் தூண்டிவிட்டு ஜன்னல் கண்ணாடியை உடைக்கச் செய்வார்கள், மாட்டிக்கொள்வது இவன்.

இன்னொன்றும் பேசத் தயங்கக் கூடாது. ஐந்து வயதில் எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. பதினான்கு வயதில் அதே பையன் கல்யாண மண்டபத்தில் பெண்கள் பகுதிக்குள் போய் அதையே செய்தால் அடி விழும், போலீஸ் வரை போகலாம். அவன் மனதில் எந்தத் தவறான எண்ணமும் இருக்காது. நேற்று வரை சரியாக இருந்தது இன்று ஏன் தவறு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய பிள்ளையானால் தானாகத் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிட முடியாது. நாலைந்து வயதிலிருந்தே கண்ணால் பார்க்கும் விதமாகக் கற்றுத்தர வேண்டும். ஓர் ஆல்பத்தில் அம்மா, அத்தா, நன்னி, கூடப்பிறந்தவர்கள் படம், இவர்களைக் கட்டிப்பிடிக்கலாம். அடுத்த பக்கம் மாமா, பக்கத்து வீட்டார், உஸ்தாத். இவர்களுக்கு ஸலாமும் கைகொடுப்பதும். அடுத்த பக்கம் வெற்று. தெரியாதவர்கள், தூரத்திலிருந்து ஸலாம் மட்டும். “மரியாதையா நடந்துக்கோ” என்பது இந்தப் பிள்ளைக்குப் புரியாது. “ஒரு கை தூரத்தில் நில்” என்பது புரியும்.

உஸ்தாத்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள். இந்தப் பிள்ளை கேட்கும் கேள்வி திமிராகத் தோன்றும். “நீங்க ஏன் லேட்டா வந்தீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்கும். அதற்கு உண்மையிலேயே காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிரம்பு எடுத்தால் அடித்தவரைப் பார்த்துப் பயம் மட்டும் வரும், எதற்கு அடித்தார் என்பது கடைசிவரை தெரியாது.

எங்கே போவது?

அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை 30 வகைக் கோளாறுகளை இலவசமாகச் சோதிக்கும் திட்டம், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வர வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று தாயும் உடன் போவது நல்லது. இரண்டு நிமிடத்தில் பார்க்கும் டாக்டருக்குச் சிரித்து ஸலாம் சொல்லும் பிள்ளையிடம் எந்தக் குறையும் தெரியாது. தாய்தான் சொல்ல வேண்டும்.

கோரிமேடு ஜிப்மரில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பாகூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் மருத்துவக் கல்லூரிகளும், வில்லியனூர் பக்கத்தவர்களுக்கு அரியூர் மருத்துவக் கல்லூரியும் அருகில். சிறப்புப் பள்ளி, பயிற்சி என்றால் 2003 முதல் புதுச்சேரியில் நடந்துவரும் சத்யா சிறப்புப் பள்ளியைக் கேட்கலாம். சென்னை போகும் வாய்ப்பு இருந்தால், முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் இருக்கிறது.

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள் உண்டு. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தர இந்திய அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், ஐ.எஸ்.ஏ.ஏ. என்று சொல்வார்கள். 40 அம்சங்கள். மொத்தம் 70 புள்ளிக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இந்த அளவுகோலில் பாதிப் பதில் பெற்றோர் வாயிலிருந்துதான் வருகிறது. “நல்லாத்தான் பழகுறான்” என்று மானத்துக்கு அஞ்சி மழுப்பினால் புள்ளி குறையும், உதவியும் குறையும்.

சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெண் பிள்ளை என்றால் நாளைக்கு நிக்காஹ் தடைப்படும் என்ற பயம் வேறு. அந்தத் தாளைத் தெருவில் யாரும் ஒட்டப் போவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. நம் அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, அந்த வாரியத்தின் பொதுத் தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், தேவைப்பட்டால் எழுதித் தருபவரும் கிடைக்கும். யு.டி.ஐ.டி. அட்டை எடுத்தால் நாடு முழுவதும் செல்லும். புதுச்சேரி சமூக நலத் துறையின் மாத உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு உண்டு, பயிற்சிக் கட்டணமும் அதில் சேரும். விண்ணப்பம் நிரப்ப முடியாதவர்கள் பிள்ளையின் ஆதார் அட்டையோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம்.

மருந்து, பயிற்சி, ஏமாற்று

ஆட்டிசத்தை எடுத்துவிடும் மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, இவற்றை வீட்டில் தொடர்ந்து செய்யும் பெற்றோர், இவைதான் உதவுகின்றன. சேர்ந்து வரும் குறைபாடுகளுக்கு மருந்து உண்டு, ஏ.டி.எச்.டி.க்கு, வலிப்புக்கு, கடுமையான பயத்துக்கு. அதனால்தான் எது எது இருக்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியமாகிறது. ஏ.டி.எச்.டி. மாத்திரையால் கொஞ்சம் உட்காரப் பழகிய பிள்ளை, முன்பு பயனில்லாமல் போன பேச்சுப் பயிற்சியில் முன்னேறுவதுண்டு.

‘ஸ்டெம் செல் சிகிச்சையில் ஆட்டிசம் குணமாகும்’ என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். நகையை அடகு வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றும், அதை விளம்பரப்படுத்துவது மருத்துவ ஒழுங்கு மீறல் என்றும் அறிவித்துவிட்டது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற வதந்திக்கு மூலமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தாயின் மேல் பழி போடுவதும் அதே போல ஆதாரமில்லாதது. கேனர் காலத்தில் ‘தாயிடம் பாசம் குறைந்ததால் பிள்ளை இப்படி’ என்று மருத்துவர்களே பேசினார்கள். அந்தக் கருத்து கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் மாமியார்மார்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஓதிப் பார்ப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். துஆ செய்யுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு நாளில் அரை மணி நேரம் அதற்குப் போதும். தர்கா தர்காவாக ஆறு மாதம் அலைந்துவிட்டு மருத்துவரிடம் போவதில்தான் இழப்பு. மூளை வேகமாக வளரும் முதல் ஐந்து வருடத்தில் அந்த ஆறு மாதம் சின்னது அல்ல. பிற்காலத்தில் நோன்பு, தொழுகைக் கடமை எந்த அளவு என்ற கேள்வி வரும்போது மருத்துவ அறிக்கையோடு ஹஜ்ரத்திடம் போய்க் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதிவையுங்கள்: எப்போது அலறினான், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எதில் அடங்கினான். போனில் மூன்று வீடியோ எடுங்கள். சம வயதுப் பிள்ளைகளோடு விளையாடுவது, தனியே இருப்பது, வழக்கம் மாறும்போது நடப்பது. பள்ளி டைரி, மதரஸா உஸ்தாத் எழுதித் தந்த இரண்டு வரி, தடுப்பூசி அட்டை, காதுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் சீட்டு எல்லாம் ஒரே பையில். அத்தா வெளிநாட்டில் இருந்தால் அந்த நேரத்தில் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு முந்தைய நாளே மருத்துவமனையின் படத்தைக் காட்டி, எந்த பஸ்ஸில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள். ஜிப்மரில் சீட்டு வாங்கிக் காத்திருக்க நேரமாகும். அவன் சாப்பிடும் சாப்பாட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு, விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள்.